முக்காலே அரைக்கால் அங்குலத் துளை

காரின் மூன்றாவது ரேடியோ ஏரியலும் களவு போய்விட்டிருந்தது.

திருகோணமலை உள்துறைமுக வீதியில் தம்பையாவின் கராஜ். காலை ஒன்பது மணிக்கே தகரக் கூரை கொதிக்கத் தொடங்கியிருந்தது. யசோதரா அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் இடப்பக்க மட்காட்டுக்கு மேல் குனிந்து, ஏரியல் நின்ற இடத்தில் இப்போது வெறுமையாய்க் கிடந்த துளையைப் பார்த்தாள். ஐம்பத்தேழாம் ஆண்டு எம்.ஜி. இரண்டே இருக்கை. முகம் பார்த்துத் தலை சீவலாம் போலப் பெயின்ற் பளபளத்தது.

அடிபட்ட வாகனங்களைப் பார்த்துப் பார்த்தே பதினான்கு வருடம் காப்புறுதிக் கம்பனி வேலையில் கழித்தவள் அவள். ஓர்ஸ் ஹில்லில் ஒரு மாடி அறையை எடுத்துத் துப்பறியும் தொழிலுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. நசுங்கின காரைக் காட்டினால் அது எப்படி நசுங்கியது என்று கதை சொல்லிவிடுவாள். இந்தக் காரில் ஒரு கீறல்கூட இல்லை. அதுதான் அவளுக்குக் கரைச்சலாய் இருந்தது.

"கண்ணாடி இரிக்கி, ரேடியோ இரிக்கி, ஸ்பானர் செட் வைச்ச இடத்திலயே இரிக்கி," என்றான் நௌபர். "ஏரியல் மட்டும்தான் இந்தக் கள்ளனுக்கு ஹலால் போல."

நௌபர் தோப்பூர்க்காரன். முப்பத்தாறு வயது. முன்பு வாகனங்களுக்கு வயர் வேலை செய்தவன். இப்போது யசோதராவின் உதவியாள், சாரதி, அவள் கேட்காமலே கருத்துச் சொல்கிறவன்.

"பகிடி விடுற நேரமில்ல தம்பி," என்றார் காரின் சொந்தக்காரர் சோமசேகரம். நிலாவெளியில் ஹோட்டல் வைத்திருக்கும் மனிதர். ஐம்பத்தெட்டு வயது. வெள்ளைச் சேர்ட்டின் கைமடிப்பு கலையாமல் இருந்தது; முகம்தான் கலைந்திருந்தது. "கொழும்பில பழைய கார் போட்டிக்கு இன்னும் பதினொரு நாள். போன மாதத்தில இருந்து மூண்டு ஏரியல். மிஸ், எனக்கு ஏரியல் தேவையில்ல, வேற வாங்கலாம். ஆள் ஆரெண்டு மட்டும் கண்டுபிடிச்சுத் தாங்கோ."

"எத்தினை மணிக்குப் போகுது?"

"மத்தியானம்," என்றார் தம்பையா. எழுபதை நெருங்கும் மனிதர், கையெல்லாம் கிரீஸ். "நாங்கள் பின்பக்கம் சாப்பிடப் போவம். திரும்பி வர ஏரியல் இராது. ஆனா ஒண்டு பிள்ளை, மரியாதையான கள்ளன். நட்டையும் வாசரையும் கழற்றி, இப்பிடிப் பொட்டலம் கட்டி சீற்றில வைச்சிட்டுப் போறான்."

அவர் நீட்டிய பொட்டலத்தை யசோதரா பிரித்தாள். வெளியே பத்திரிகைத் தாள், உள்ளே சோறு கட்டும் பொலித்தீன் தாள். நான்கு மூலையும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும்படி கட்டியிருந்தது. உள்ளே ஒரு நட்டு, ஒரு றப்பர் வாசர்.

"சோத்துப் பார்சல் திண்டுட்டு வந்து களவெடுத்திரிக்கான்," என்றான் நௌபர்.

"சாப்பிட்ட தாளெண்டா குழம்புக் கறை இருக்கும். இது இன்னும் சோறே காணாத தாள்." அவள் அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். பிறகு சில்லுக்கு மேலே, மட்காட்டின் உள்பக்கமாகக் கையை விட்டுப் பார்த்தாள். வளையல் தடுத்தது, கழற்றிவிட்டு மறுபடி விட்டாள். நட்டு இருக்கும் இடம் விரல் நுனிக்குத் தட்டுப்பட்டது. "நௌபர், உம்மட கையை விடும் பாப்பம்."

நௌபரின் கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது.

"நான் சில்லைக் கழற்றித்தான் பூட்டுறனான்," என்றார் தம்பையா.

சின்னக் கை. யசோதரா அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அளவு நாடாவைத் துளையின் மேல் வைத்தாள். முக்காலே அரைக்கால் அங்குலம். அதன் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு வெட்டு இருந்தது. இயந்திரம் வெட்டியதல்ல, யாரோ அரத்தால் பொறுமையாக ராவியது.

சோமசேகரம் ஒரு புதுப் பெட்டியைத் திறந்தார். நாலாவது ஏரியல். அடிப்பாகம் தேநீர்க் கோப்பைத் தட்டுப்போல அகன்றிருந்தது. "இதைப் பூட்ட துளையைக் கொஞ்சம் பெருப்பிக்க வேணும். தம்பையா இண்டைக்கே செய்யட்டும்."

"ஐயா இந்தக் காரில ஒரு திருகாணி பிசகவும் விடமாட்டார்," என்றார் தம்பையா, பாராட்டா முறைப்பாடா என்று தெரியாத குரலில். "வயருக்குச் சுத்தின பருத்தித் துணிகூட அந்தக் காலத்துத் துணியாத்தான் இருக்க வேணும். சீற்றுத் தோல் இந்தியாவில இருந்து வந்தது. இந்த ஓட்டையை அடைச்சு வெல்ட் பண்ணிவிடுவம் எண்டனான். நடுவர்மார் காந்தம் வைச்சுக் கண்டுபிடிப்பினமாம், புள்ளி போயிடுமாம்."

"பின்னேரம் வரைக்கும் துளையில கை வைக்காதேங்கோ," என்றாள் யசோதரா. "மத்தியானச் சாப்பாடு உங்களுக்கு எங்கயிருந்து வருது?"

"கோணேஸ் அக்கா கொண்டு வருவா. திருக்கடலூர்."

வேனில் ஏறியதும் நௌபர் சிரித்தான். அவனுடைய வேன் பழையது, நீல நிறம். ஆள் கடத்தலுக்குப் பேர்போன வெள்ளை வேன் வாங்கினால் இந்த ஊரில் ஒருவரும் ஏறமாட்டார்கள் என்று அவனே சொல்லிக்கொள்வான். "சோறு விக்கிற பொம்பிளை ஏரியலை என்ன செய்ற அக்கா? முருங்கைக்காய்க்குப் பதிலா சாம்பாருக்கா?"

"அதைத்தான் கேக்கப் போறம்."

திருக்கடலூரில் கடலுக்கு முதுகு காட்டியபடி நின்ற சின்ன வீடு. குசினியிலிருந்து மீன்குழம்பு வாசம் வந்தது. விறாந்தை மேசையில் இருபது பார்சல் வரிசையாய் இருந்தது. ஒவ்வொன்றிலும் நான்கு மூலையும் ஒன்றையொன்று கவ்வியிருந்தன. யசோதரா கைப்பையிலிருந்த பொட்டலத்தை எடுத்து, பேசாமல் அந்த வரிசையின் கடைசியில் வைத்தாள்.

கோணேஸ்வரி அதைப் பார்த்தாள். அறுபதை எட்டிக்கொண்டிருக்கும் மெலிந்த பெண். நெற்றியில் குங்குமம். பயப்படவில்லை, நெடுநாள் சுமந்த பாரத்தை இறக்கி வைக்க இடம் கிடைத்தவள்போல மூச்சு விட்டாள்.

"ஆராவது வருவினம் எண்டு தெரியும். இருங்கோ பிள்ளை. ஒரு கதிரைதான் கிடக்கு. தம்பி, நீங்கள் அந்தப் பெட்டியில இருங்கோ."

உள்ளே போய் அலுமாரியைத் திறந்து ஒரு துவாய்ப் பொதியைக் கொண்டு வந்தாள். மூன்று ஏரியல்கள், ஒன்றிலும் கீறல் இல்லை. அவற்றோடு நாலாவதாக இன்னொன்று. பழசு. மூன்று துண்டாக இழுக்கும் பித்தளைக் குழாய். குரோம் அங்கங்கே உரிந்திருந்தது. சின்ன அடிப்பாகத்தின் ஓரத்தில் யாரோ பித்தளையில் ஒரு பல்லு வைத்து ஈயம் பற்றியிருந்தார்கள்.

"இது இவரின்ர," என்றாள். "கனகரத்தினம். என்ர மனுசன். ரேடியோ திருத்துறவர். அந்தக் காரை ஒரு தோட்டத்துத் துரையின்ர ஆக்களிட்ட இருந்து ஓட்டை உடைசலா வாங்கினவர். அப்ப பச்சை நிறம். என்ஜின் கரகரப்புக் கேக்கப்படாதெண்டு ஏரியலை இடப்பக்கம் தானே துளைச்சுப் பூட்டினவர். றோட்டால போற பொடியள் பிடிச்சுத் திருப்பி விளையாடுவாங்கள். திரும்பாம இருக்க இந்தப் பல்லை ஒட்டி, துளையில அதுக்கொரு வெட்டும் வெட்டினவர்."

நௌபர் ஏரியலை வாங்கி அந்தப் பல்லை விரலால் தடவினான்.

"தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாசம் சண்டை துவங்கேக்க நான் கோயில் முகாமில. இவர் வீட்டில தனிய. முதல் நாள் முகாமுக்கு வந்து இதைக் கழற்றித் தந்திட்டுப் போனவர். ஏரியல் நிண்டா உள்ளுக்கு வயர்லெஸ் செட் வைச்சிருக்கிறான் எண்டு ஆமி பிடிப்பாங்கள், வந்து பூட்டுறன் எண்டவர். அடுத்த நாள் வெருகல் பக்கம் போய் ஆத்தைக் கடந்து அங்காலை போற யோசனை. பிறகு ஆளையும் காணேல்ல, காரையும் காணேல்ல."

"தனியப் போனவரா?"

"சோமு தம்பி கூட்டிக்கொண்டு போறன் எண்டவர். உங்கட சோமசேகரம்தான். இவரோட நல்ல சிநேகிதம், அப்ப இருபத்திமூண்டு வயசு. தான் வரேக்க வீடு பூட்டிக் கிடந்ததெண்டு பிறகு வந்து சொல்லி அழுதவர். அண்டையில இருந்து இண்டைக்கு வரைக்கும் வருசப் பிறப்புக்கு ஒரு சீலை. இந்தக் கராஜுக்குச் சோறு குடுக்கிற வேலையும் அவர்தான் எடுத்துத் தந்தவர்."

"அவரிட்டயே சொல்லியிருக்கலாமே, இது உங்கட கார் எண்டு?"

"என்னெண்டு சொல்லுறது? நிறம் மாறியிட்டுது. இலக்கத் தகடு வேற. தான் மலைநாட்டில ஏலத்தில எடுத்ததெண்டுறார். பாவம், அவருக்குத் தெரியாது. ஒரு நாள் சோறு குடுக்கப் போகேக்க அந்தத் துளையைக் கண்டன். கால் ஓடேல்ல. அடுத்த நாள் இதைக் கொண்டுபோய் வைச்சுப் பாத்தன். பல்லு போய் வெட்டில இருந்தது பிள்ளை." அவள் குரல் அந்த இடத்தில் மட்டும் தடுமாறியது. "கதையைச் சொல்லுவம் எண்டு போனா, துளையைப் பெருப்பிச்சுப் பெரிய ஏரியல் பூட்டப்போகினம் எண்டு தம்பையா அண்ணை சொல்லுறார். பெருப்பிச்சா பிறகு ஆர் நம்புவினம்? முதல் ஏரியலை, துளையைப் பெருப்பிக்க முதல், நட்டுப் போட்டுச் சும்மா பூட்டிப் பாத்திருந்தவை. கழற்றிக்கொண்டு வந்திட்டன். பிறகு வாற வாறதையெல்லாம் கழற்றினன். எனக்கு வேற வழி தெரியேல்ல."

வெளியே வந்தபோது கைத்தொலைபேசி அடித்தது. சோமசேகரம்.

"ஆள் ஆரெண்டு தெரிஞ்சிட்டுது," என்றாள் யசோதரா. "இனிக் களவு போகாது. பின்னேரம் வந்து நேரில சொல்லுறன்."

"ஆணா, பொம்பிளையா?"

அவள் ஒரு கணம் யோசித்தாள். கேள்வி ஏதோ கோணலாகப் பட்டது. ஆனாலும் மனம் அந்தப் பித்தளைப் பல்லிலேயே இருந்தது. "ஒரு பொம்பிளை. பயப்பிட வேண்டிய ஆள் இல்ல."

மறுமுனையில் இணைப்புத் துண்டிக்கப்பட்டது.

"இதுக்கு லேசான வழி ஒண்டு இரிக்கி அக்கா," என்றான் நௌபர் வேனைத் திருப்பியபடி. "அந்தக் காருக்குச் சரியான ஏரியல் ஒண்டைத் தேடிக் குடுத்தா துளையில கை வைக்கத் தேவையில்ல. அவருக்குப் போட்டி, அவவுக்குத் துளை. ரெண்டு பேருக்கும் சந்தோசம். பிறகு ஆறுதலா இருந்து கதைக்கலாம்."

அது நல்ல யோசனையாகத்தான் இருந்தது. கண்டி வீதியில் நௌபருக்குத் தெரிந்த, கழற்றின சாமான் விற்கும் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் ஒரு வாளி நிறைய ஏரியல்களைக் கொண்டுவந்து கவிழ்த்தார்.

நௌபர் மீன் வாங்குகிறவன்போல ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தான். "இது மோட்டர்ல ஏறி இறங்கிற. எண்பதுகளில வந்த சாமான், அந்தக் காருக்குப் பேத்தி முறை. இந்த ஒத்தைத் தடி எஃப்.எம்.முக்கு வெட்டினது, அந்த ரேடியோவுக்கு எஃப்.எம். எண்டா என்னெண்டே தெரியா. இந்தக் கறுப்பு றப்பரைப் பூட்டினா நடுவர் மயங்கி விழுவார்." கடைசியில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். மூன்று துண்டுக் குழாய், உச்சியில் சின்ன உருண்டை, சின்ன அடிப்பாகம். "இதுதான். ஐம்பதுகளில பூட்டின வகை."

யசோதரா அளவு நாடாவை வைத்தாள். முக்காலே அரைக்கால் அங்குலம்.

"உதை இனி ஒருத்தரும் கேக்க மாட்டினம் எண்டு நினைச்சன்," என்றார் கடைக்காரர். "ரெண்டு மாதத்துக்கு முன்னம் ஒரு ஐயா சிவப்புக் காரின்ர படத்தைக் காட்டி ஏரியல் கேட்டவர். இதைத்தான் எடுத்துக் குடுத்தனான். உங்கட காருக்கெண்டே செய்த மாதிரி இருக்கு, துளையில அப்பிடியே இருக்கும் எண்டும் சொன்னனான். கையில வாங்கிப் பாத்திட்டு, வேண்டாம் எண்டிட்டார்."

"ஏன்?"

"சின்னனாம். துளையை முழுக்க வெட்டி எடுத்துப் பூட்டுற மாதிரிப் பெரிசா ஒண்டு தாங்கோ எண்டார். நிலாவெளி ஹோட்டல்காரர்."

யசோதரா அளவு நாடாவைச் சுருட்ட மறந்து நின்றாள். வயரில் சுற்றிய துணிக்குக்கூட வருடம் பார்க்கிற மனிதர், இந்த ஒன்றில் மட்டும் மூன்று தரம் பிழைவிட்டிருக்கிறார். மூன்று தரமும் பெரிசாக. சரியான ஏரியல் கைக்குள் வந்தும் திருப்பிக் கொடுத்திருக்கிறார். அது பிழையே இல்லை. அந்தத் துளையைக் கண்டு பயந்தது கோணேஸ்வரி மட்டுமில்லை. அதை அடையாளம் தெரிந்த இன்னொருவர் ஊரில் இருக்கிறார் என்று முதல் ஏரியல் காணாமல் போனபோதே சோமசேகரத்துக்கு விளங்கியிருக்க வேண்டும். அந்த ஆளைக் கண்டுபிடிக்கத்தான் அவளை அமர்த்தினார். அவளும் கண்டுபிடித்து, பொம்பிளை என்று சொல்லியும் கொடுத்துவிட்டாள். அந்த ஊரில் அந்தத் துளையைத் தெரிந்த பொம்பிளை எத்தனை பேர்?

"நௌபர், வேனை எடும்!"

போகிற வழியில் கோணேஸ்வரிக்குப் போன் அடித்தாள். நாலு தரம் மணி அடித்த பிறகு கோணேஸ்வரி எடுத்தாள். "இப்பதான் கூடையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடுறன் பிள்ளை."

"நேர கராஜுக்கு வாங்கோ. வேற எங்கயும் நிக்க வேண்டாம். அந்தப் பழைய ஏரியலையும் கொண்டு வாங்கோ."

கராஜ் வாசலிலேயே துளைபொறியின் இரைச்சல் கேட்டது. தம்பையா கைகளைப் பிசைந்துகொண்டு ஒரு பக்கம் நின்றார். கலையாத வெள்ளைச் சேர்ட்டோடு, மட்காட்டின் மேல் குனிந்து துளைபொறியைப் பிடித்திருந்தவர் சோமசேகரம். நௌபர் ஓடிப்போய்ச் சுவரிலிருந்த வயரைப் பிடுங்கினான். இரைச்சல் நின்றது.

யசோதரா துளையைப் பார்த்தாள். ஒரு பக்கத்து ஓரம் பிறை வடிவில் தின்னப்பட்டிருந்தது. மற்றப் பக்கத்து வெட்டு இன்னும் இருந்தது.

"என்ர கார் இது," என்றார் சோமசேகரம். நெற்றியிலிருந்து வியர்வை பெயின்றில் சொட்டியது. "என்ர காரில நான் துளை போட ஆரிட்டக் கேக்க வேணும்?"

அவள் கடையில் வாங்கின ஏரியலைக் காரின் முன்மூடியின் மேல் வைத்தாள். "இதை ஏன் வேண்டாம் எண்டனீங்கள்?"

அவர் அதைப் பார்த்தார். பிறகு கண்ணைத் துளைப் பக்கம் திருப்பினார்.

அதற்குள் கோணேஸ்வரி கூடையோடு வந்துவிட்டாள். உச்சி வெயிலில் நடந்து வந்த களை. உள்ளே நின்றவர்களின் முகங்களைப் பார்த்துவிட்டு, கூடையை இறக்கி வைத்து, நேரே சோமசேகரத்திடம் போனாள்.

"தம்பி, என்னோட கோவிக்காதேங்கோ. ஏரியலை எடுத்தது நான்தான். மூண்டும் பத்திரமா இருக்கு. இது ரத்தினத்தின்ர கார் தம்பி. உங்களுக்கு விளங்கியிராது, நிறம் மாத்திப்போட்டாங்கள்." அவள் துவாயை விரித்துப் பழைய ஏரியலை எடுத்தாள். யாரும் தடுக்கவில்லை. துளைக்குள் அதை இறக்கி மெல்லத் திருப்பினாள். பித்தளைப் பல்லு வெட்டைத் தேடிப்போய் உட்கார்ந்தது. "பாத்தீங்களா? இப்ப ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. உங்களுக்கு இந்தக் காரை வித்தவன் ஆர்? அவனைப் பிடிச்சா இவரைப் பற்றி ஏதாவது தெரியவரும். உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறன்."

அவள் உண்மையிலேயே கைகளைக் கூப்பினாள்.

யசோதராவுக்கு அதைப் பார்க்க முடியவில்லை. திட்டி நொறுக்கியிருந்தால் சோமசேகரம் தாக்குப்பிடித்திருப்பார். அந்தக் கும்பிடுதான் அவரை விழுத்தியது. துளைபொறியைக் கீழே போட்டுவிட்டு, காரின் சில்லோடு சாய்ந்து நிலத்தில் இருந்துவிட்டார்.

"எனக்கு ஒருத்தரும் விக்கேல்ல, அக்கா."

கோணேஸ்வரிக்கு விளங்கவில்லை. கூப்பிய கை அப்படியே இருந்தது.

"நான் வரேக்க வீடு பூட்டிக் கிடக்கேல்ல. அண்ணை வாசல்ல நிண்டவர். ரெண்டு பேரும்தான் இந்தக் காரில போனனாங்கள். வெருகலுக்குக் கிட்ட வெடிச்சத்தம் கேட்டது. எங்கயிருந்து வந்ததெண்டு தெரியாது. அண்ணைக்கு வயித்தில பட்டுது. ஆத்தங்கரையில ஒரு மருத மரத்தடியில படுக்க வைச்சிட்டு, தோப்பூருக்குப் போய் ஆரையும் கூட்டிக்கொண்டு வாறன் எண்டு காரை எடுத்தனான்." அவர் முகத்தை உள்ளங்கையால் பொத்தினார். "எங்கட அப்பாவின்ர நெல்லுக் களஞ்சியத்துக்குள்ள காரை விட்டன். திரும்பிப் போகேல்ல. பயம் அக்கா. எனக்குப் பயம்."

தகரக் கூரை வெயிலில் விரிந்து சத்தம் போட்டது. தம்பையா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"உயிரோட விட்டிட்டு வந்தனீங்களா?" கோணேஸ்வரியின் குரல் தாழ்ந்திருந்தது.

"ஓம்."

"என்ன சொன்னவர்?"

"கெதியா வா எண்டவர்."

அவள் கூடையைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுச் சொன்னாள்: "எந்த மரம் எண்டு காட்டுங்கோ. இப்ப போவம்."

யசோதரா பொலிசுக்குப் போன் அடித்து நடந்ததைச் சொன்னாள். வெருகலுக்கு வரச் சொன்னாள். தம்பையாவிடம், காரையும் ஏரியலையும் ஒருவரையும் தொட விடவேண்டாம் என்றாள். நௌபர் வேனை எடுத்தான். சோமசேகரம் முன்சீற்றில், பின்னால் இரண்டு பெண்கள். கிண்ணியாப் பாலத்தைக் கடந்து, மூதூர், தோப்பூர் தாண்டி வேன் ஓடியது. தன் ஊர்ச் சந்தையைக் கடக்கும்போதுகூட நௌபர் வாய் திறக்காததை யசோதரா அன்றுதான் முதன்முதலாகக் கண்டாள். அவள் மனதுக்குள் திரும்பத் திரும்ப ஒரே யோசனை. கடைக்கு முதலில் போகாமல் கோணேஸ்வரியின் பெயரை இவரிடம் சொல்லிவிட்டிருந்தால்? இன்று காலை அவள் செய்யவிருந்த வேலை அதுதானே.

பின்னேரம் மூன்றரைக்கு வெருகல் ஆற்றங்கரைக்கு வந்தார்கள். ஆற்றுக்கு மேலே இப்போது பாலம். கரை நெடுகப் புதுப் புதர்கள், நாணல், ஆட்டுப் பாதைகள். முப்பத்தைந்து வருடத்தில் எந்த மனிதனும் வழி தவறிவிடக்கூடிய இடம். சோமசேகரம் தவறவில்லை. வேனிலிருந்து இறங்கி, நாணலை விலக்கி, ஒரு தரம்கூட நின்று பார்க்காமல் நேரே நடந்தார். பெரிய மருத மரம் ஒன்றின் கீழே போய் நின்றார்.

யசோதரா அவர் நடந்து வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். படபடத்து ஓடி வந்த பொடியன் ஒரே ஒரு தரம் பார்த்த மரமல்ல அது.

"நீங்கள் பிறகும் வந்திருக்கிறியள்," என்றாள்.

அவர் மரத்தைப் பார்த்தபடி தலையசைத்தார். "மூண்டாம் நாள் வந்தனான்."

"ஆள் இருந்தவரா?" இதைக் கேட்டவள் கோணேஸ்வரி.

"இருந்தவர்." அவர் குரல் உடைந்தது. "முடிஞ்சு போயிருந்தது. நான்தான் இதில குழி வெட்டித் தாட்டனான். இந்த வேருக்கு அங்கால. தலை கிழக்க. அதுக்குப் பிறகு வருசத்துக்கு ஒருக்கா வாறனான், அக்கா."

காற்றில்லை. ஆற்றில் எங்கோ ஒரு எருமை தண்ணீரைக் கலக்கும் சத்தம் மட்டும்.

"இஞ்ச வந்திட்டுத்தான் எனக்குச் சீலை கொண்டு வந்தனீங்கள்," என்றாள் கோணேஸ்வரி. கத்தவில்லை. கணக்குச் சரியா என்று கேட்கிறவள்போல மெதுவாகக் கேட்டாள். "நான் குங்குமம் வைச்சுக்கொண்டு வாசலுக்கு வந்து வாங்கினனான். முகத்தைப் பாத்துக்கொண்டுதானே தந்தனீங்கள்?"

சோமசேகரத்தின் தோள்கள் குலுங்கின. யாரும் அவரைத் தொடவில்லை.

கோணேஸ்வரி செருப்பைக் கழற்றினாள். வேரைத் தாண்டிப் போய், அந்த மண்ணில் காலை மடக்கி இருந்தாள். உதிர்ந்து கிடந்த சருகுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு பக்கம் போட்டாள், பாய் விரிப்பதற்கு இடம் செய்கிறவள்போல. நௌபர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

பாலத்தில் பொலிஸ் ஜீப்பின் சத்தம் கேட்டது. யசோதரா போய்க் கோணேஸ்வரியின் பக்கத்தில் குந்தினாள்.

"பிள்ளை," என்றாள் கோணேஸ்வரி, கையில் ஒரு சருகை வைத்துக்கொண்டு. "எத்தினையோ அரசாங்கக் கந்தோருக்கு, எத்தினையோ கடதாசி எழுதிக் குடுத்தனான். எல்லாத்திலயும் காணாமல் போனவர் எண்டுதான் எழுதினது. இனி இவரை என்னெண்டு எழுதுறது?"